4137 என்ற இலக்கமும் கண்டியில் ஒரு கியூ பட்டறையும்

கண்டி நகரின் நெரிசலைத் தாண்டிக் கட்டுகஸ்தோட்டைப் பக்கமாகப் போகும் வழியில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு மரவேலைப் பட்டறை இருக்கிறது. வாசலில் கால் உடைந்த கதிரைகளும் கதவு கழன்ற அலுமாரிகளும் அடுக்கிக் கிடக்கும். உள்ளே, சுவரோடு சேர்த்து அடித்த சட்டத்தில், பில்லியட்ஸ் என்ற மேசைப் பந்தாட்டத்தில் பந்தை அடிக்கும் கம்புகளான கியூக்கள் இருபது முப்பது தலைகீழாகத் தொங்கும். கதிரை பழுதுபார்ப்பது அவருடைய பிழைப்பு, கியூ பார்ப்பது அவருடைய பைத்தியம் என்று என்னை அங்கே அனுப்பிவைத்த பழைய மார்க்கர் ஒருவர் சொன்னார். பட்டறைக்காரரை எல்லோரும் பாஸ் என்றே அழைக்கிறார்கள். பெயரையோ தொலைபேசி இலக்கத்தையோ எழுதினால் வேலை கூடிவிடும், அப்புறம் எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது என்று அவர் கேட்டுக்கொண்டதால் அவற்றை இங்கே தரவில்லை. ஆனால் அவர் செய்து கொடுத்த வேலையைப் பற்றி எழுதாமல் இருக்க மனம் வரவில்லை. பரம்பரையாக வந்த பழைய கியூ ஒன்றை வைத்துக்கொண்டு அது என்ன, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இருப்பவர்கள் மலையகத்தில் நான் ஒருத்தி மட்டுமாக இருக்க முடியாது.

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பில்லியட் கம்பு. தாத்தா டிக்கோயாப் பள்ளத்தாக்கில் துரைமாருக்கான ஒரு கிளப்பில் மார்க்கராக வேலை செய்தவர். மார்க்கர் என்றால் பலகையில் புள்ளிகளை நகர்த்துகிறவர் மட்டும் அல்லர். மேசையின் பச்சைத் துணியை அதன் மயிர் படிந்திருக்கும் திசையிலேயே தூரிகையால் நீவுவது, சூடாக்கிய இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பது, கியூக்களின் நுனியில் பந்தைத் தொடும் தோல் டிப் ஒட்டுவது, கூட விளையாட ஆள் இல்லாத துரைக்கு எதிர் நின்று பக்குவமாகத் தோற்பது ஆகிய எல்லாம் அவருடைய வேலை. 1938ஆம் ஆண்டு சிறுவனாகச் சேர்ந்து, கண் மங்கும்வரை அங்கேயே இருந்தார். அவர் காலமான பிறகு அந்தக் கம்பு, கறுப்பு வார்னிஷ் பூசிய ஒரு தகரக் குழாயோடு, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்து அறையிலிருந்து ஹட்டனில் அம்மாவின் வீட்டுக்கு வந்தது.

கம்போடு சேர்ந்து ஒரு கதையும் வந்தது. பெரிய மாமா சொல்லும் கதைப்படி, 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் பொறுப்பேற்றபோது ஊர் திரும்பிய பெரிய துரை, தன் பாட்டனார் காலத்துக் கியூவைத் தாத்தாவின் கையில் கொடுத்துவிட்டுக் கண்கலங்கினார். அடிப்பாகம் கருங்காலி, வில்லை யானைத் தந்தம், வயது நூற்றைம்பது. அடிப்பாகத்தில் பதித்திருந்த வட்ட வில்லையில் தேய்ந்துபோன ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே 4137 என்ற இலக்கம் மட்டும் தெளிவாகத் தெரியும். அது தாத்தாவின் செக்ரோல் இலக்கம், அதாவது தோட்டத்துப் பெயர்ப்பதிவு இலக்கம், என்று பாட்டி கடைசிவரை நம்பினார். தோட்டத்தில் மனிதர்களுக்கே இலக்கம் போட்டு வைத்திருந்த காலத்தில் வாழ்ந்தவர் அவர். ஒரு கம்பில் இலக்கத்தைக் கண்டால் வேறென்ன நினைப்பார்?

கண்டிக்குப் போவதற்கு முன் கொழும்பில் ஒரு கடைக்கு அதைக் கொண்டுபோயிருந்தேன். அங்கிருந்த இளைஞர் கம்பை மேசைமேல் ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு, நடுவில் வெட்டிப் பித்தளைத் திருகு மூட்டு போட்டால் பையில் அடக்கிக் கொண்டுபோகலாம், முழுவதையும் சாண்ட்பேப்பர் போட்டுப் பளபளவென்று பூச்சு அடித்துத் தருகிறோம் என்று, எனக்கு உதவி செய்கிற தோரணையில் சொன்னார். அதன் வரலாறு பற்றிக் கேட்டபோது, "பழசுதான், மிஸ்" என்றார். பிறகு கைப்பேசியில் படம் அனுப்பி விலை கேட்ட இடத்திலிருந்து, நான் கேட்காத ஒரு பெரிய தொகையும், அதை உறுதிசெய்யக் கட்டணம் எவ்வளவு என்ற விவரமும் ஒரே நாளில் வந்துசேர்ந்தன. இரண்டையும் விட்டுவிட்டேன்.

பாஸின் பட்டறையில் முதல் அரைமணி நேரமும் பேச்சே இல்லை. யன்னல் வெளிச்சத்துக்கு நேரே கியூவைப் பிடித்து, அடியிலிருந்து நுனி வரை ஒற்றைக் கண்ணால் பார்த்தார். கால்வட்டம் திருப்பி மறுபடி பார்த்தார். விரல் நகத்தால் மெல்லத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். அளவு நாடாவை எடுத்து நீளத்தை அளந்தார்: 54 அங்குலம். பிறகுதான் தலையை நிமிர்த்தி, "மகள், உங்கட தாத்தா கட்டையான ஆளா?" என்று கேட்டார். தாத்தா ஐந்தடி இரண்டு அங்குலம். அதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு அவர் காட்டிய விளக்கம் எளியது. இந்த வகைக் கியூ வழக்கமாக 57, 58 அங்குலம் இருக்கும். அடிப்பக்கத்தில் வில்லையும், எடை பொறித்த முத்திரையும் அப்படியே இருப்பதால், குறைந்த மூன்று அங்குலமும் நுனியிலிருந்து வெட்டப்பட்டது. கியூ நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போவது. நுனியை வெட்டினால் புதிய நுனி தடிப்பாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் இந்தக் கியூவின் நுனி 10 மில்லிமீற்றருக்கு மெலிந்திருக்கிறது, அதுவும் கடைசல் இயந்திரத்தின் ஒழுங்கோடு அல்ல, கண்ணாடித் துண்டாலோ கத்தி விளிம்பாலோ கையால் சுரண்டிய சிறு தட்டைகளோடு. என் விரலைப் பிடித்து நுனியிலிருந்து ஒரு சாண் தூரம் மெதுவாக இழுத்தார். கண்ணுக்குத் தெரியாத அந்த மேடுபள்ளங்கள் விரலுக்குத் தெரிந்தன. துரை ஒருவருக்காக வெட்டியிருந்தால் முறையான பட்டறையில் வெட்டியிருப்பார்கள் என்பது பாஸின் வாதம். கையில் இருந்ததை வைத்துத் தன் உயரத்துக்குத் தானே ஒருவர் சரிசெய்துகொண்டிருக்கிறார்.

எடை முத்திரையை வாசிக்க முடியாமல் குழிக்குள் ஏதோ இறுகிக் கிடந்தது. பாஸ் பற்குச்சியால் மெல்லக் கிண்டினார்; மஞ்சளாக உதிர்ந்தது. காய்ந்த சந்தனம். ஆயுத பூசைக்குக் கவ்வாத்துக் கத்தியோடும் மண்வெட்டியோடும் அந்தக் கம்புக்கும் பொட்டு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஓர் எழுத்துக்குள் இருந்ததை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே விட்டார். தெரிந்த இலக்கம் 16½ அவுன்ஸ். அவருடைய தராசு 16¼ காட்டியது. காணாமற்போன கால் அவுன்ஸ், வெட்டிய மூன்று அங்குலத்துக்கும் சுரண்டிய மரத்துக்கும் கணக்காயிற்று.

அடுத்தது வில்லை. தந்தமாக இருந்தால் அதன் வெட்டுமுகத்தில் பின்னல் போன்ற நுண்ணிய குறுக்குக் கோடுகள் தெரியும். பூதக்கண்ணாடியில் அப்படி ஒன்றும் இல்லை. கட்டைவிரலை வைத்துச் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்துபார்க்கச் சொன்னார். கற்பூர வாசம்! செலுலோயிட் என்பது நைட்ரோசெலுலோஸையும் கற்பூரத்தையும் சேர்த்துச் செய்யும் பொருள், அதனால்தான் அந்த வாசம் என்றார். இதிலும் பில்லியட்ஸுக்கு ஒரு பங்கு இருக்கிறது. ஒரு காலத்தில் பந்துகளையே யானைத் தந்தத்தில் கடைந்தார்கள். தந்தம் அருகி விலை ஏறியபோது, 1863இல் அமெரிக்காவில் பில்லியட்ஸ் மேசை தயாரித்த ஒரு நிறுவனம் மாற்றுப் பொருள் கண்டுபிடிப்பவருக்கு 10,000 டொலர் பரிசு அறிவித்தது. அந்த முயற்சியில் இறங்கிய ஜோன் வெஸ்லி ஹயாட் என்பவரின் கையில்தான் செலுலோயிட் ஒரு தொழிற்பொருளாக உருப்பெற்றது. செலுலோயிட் சட்டென்று தீப்பற்றும், இதைச் சாமிப்பட விளக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்றும் எச்சரித்தார். எத்தனை கார்த்திகைகளுக்கு அந்தக் கம்பு விளக்குகளின் நடுவே சாய்ந்து நின்றிருக்கிறது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

இலக்கத்தைப் பார்த்ததும் அவர் சிரித்துவிட்டார். 1932 ஜனவரியில், லண்டன் தர்ஸ்டன்ஸ் மண்டபத்தில், இங்கிலாந்து ஆட்டக்காரர் ஜோ டேவிஸுக்கு எதிரான ஆட்டத்தில் ஆஸ்திரேலியரான வோல்டர் லின்ட்ரம் ஒரே பிரேக்கில், அதாவது முறை தவறாமல் தொடர்ந்து ஆடிய ஒரே தடவையில், எடுத்த புள்ளிகள் 4137. ஏறத்தாழ மூன்று மணிநேரம் எதிராளியைக் கதிரையிலேயே உட்காரவைத்த அந்த ஆட்டம் உலக சாதனையானது. பந்துகளை மேசையின் ஓர விளிம்பான குஷனோடு ஒட்டி வைத்துக்கொண்டு முடிவில்லாமல் புள்ளி சேர்க்கும் அந்தப் பாணியைக் கட்டுப்படுத்தவே, ஆட்டக்காரர் குறித்த இடைவெளிகளில் மேசையின் ஒரு முனையருகே குறுக்காக வரைந்திருக்கும் பாக் கோட்டைப் பந்து தாண்டச் செய்யவேண்டும் என்ற விதியை அதன் பின்னர் கொண்டுவந்தார்கள். புகழ்பெற்ற ஆட்டக்காரரின் பெயரையும் சாதனையையும் வில்லையில் அச்சிட்டுக் கியூ விற்பது அக்கால வியாபாரம். சாதனை மாறும்போது வில்லையும் மாறும். ஆகவே 4137 என்று போட்ட வில்லை 1932க்கு முன்னர் இருந்திருக்கவே முடியாது. மாமாவின் நூற்றைம்பது வருடம் அந்த இடத்திலேயே முடிந்துபோனது.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது: பழைய கியூவில் பின்னாளைய வில்லையை யாராவது ஒட்டியிருந்தால்? பாஸுக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. வில்லையின் விளிம்பைச் சுற்றி அழுக்கும் மெருகும் ஒரே சீராகப் படிந்திருப்பதையும், வில்லைக்காக மரத்தில் தோண்டிய குழி அதன் அளவுக்கே இருப்பதையும் காட்டினார். பிறகு அடிமரமும் தண்டும் இணையும் இடத்துக்கு வந்தார். தொழிலில் ஸ்ப்ளைஸ் என்று சொல்லும் இந்த இணைப்பை இரண்டு விதமாகச் செய்வார்கள். கைவேலை என்றால், தண்டின் அடிப்பகுதியை நான்கு பக்கமும் சரிவாகச் சீவி, கறுப்பு மரத் துண்டுகளை ஒட்டி, மறுபடி உருட்டிச் சீவுவார்கள்; துண்டுகளின் மேல்நுனி வளைந்து, வாழைப்பூ மடலின் நுனிபோல மழுங்கி முடியும். இயந்திர வேலை என்றால், இரண்டு மரத்தையும் ஆப்பு ஆப்பாக வெட்டி விரல்கள்போலக் கோத்து ஒட்டுவார்கள். நுனிகள் ஊசிபோலக் கூராக இருக்கும். எங்களுடைய கியூவில் நான்கும் ஊசி. அதாவது, தொழிற்சாலையில் எண்ணிக்கையாகச் செய்து, கிளப்புகளுக்கும் புதிதாக விளையாடப் பழகுகிறவர்களுக்கும் விற்ற நடுத்தரச் சரக்கு. அதற்காக முகம் சுளிக்க வேண்டாம், இந்த மூட்டு எளிதில் விடாது என்று பாஸ் ஆறுதல் சொன்னார். தண்டு ஆஷ் மரம். அம்புத்தலைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதுபோன்ற ரேகைகள் நுனிவரை நேராக ஓடுவது நல்ல மரத்துக்கு அடையாளம் என்றார்.

கருங்காலி மட்டும் உண்மையாகவே கருங்காலி. நம் நாட்டு உலர்வலயக் காடுகளில் வளரும் மரம், வெளிநாட்டு மரவியாபாரத்தில் இலங்கைக் கருங்காலி என்ற பெயரோடே விலைபோனது. போன மரம் ஊர் திரும்பியிருக்கிறது என்று மாமா பின்னர் இதற்கும் ஒரு கதை கட்டினார். ஆபிரிக்கக் கருங்காலியையும் அந்தத் தொழிற்சாலைகள் ஏராளமாகப் பாவித்தன என்று பாஸ் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்ததை நான் அவரிடம் சொன்னேன், கேட்டதாகத் தெரியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, நுனியில் இருந்த பித்தளைப் பூண். பழைய தோல் டிப்பைக் கழற்றியபின் பூண் தானாகவே ஆடியது. எடுத்துப் பார்த்தால், அது கடைந்த பூண் அல்ல. நீளவாக்கில் ஈயம் வைத்துப் பற்றவைத்த ஒரு தையல் அதன் உட்புறத்தில் ஓடியது. பித்தளைக் குழாய் ஒன்றின் துண்டை வெட்டி, அரத்தால் ராவி, மரத்தில் இறுக்கியிருக்கிறார்கள். தேயிலை ஃபெக்டரியின் இஞ்சின் அறையில் ஃபிட்டருக்குக் கையாளாக இருந்தவர் தாத்தாவின் தம்பி. இதைக் கேட்டபோது அம்மா, சின்னத் தாத்தா அரமும் கையுமாக லயத்து வாசலில் உட்கார்ந்திருந்ததைத் தான் பார்த்திருப்பதாகச் சொன்னார். அம்மா பிறந்தது 1958இல். அதை அவர் பார்த்தது பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில். அப்படியானால் 1975க்கு வெகு முன்னரே கம்பு எங்கள் லயத்து அறைக்கு வந்துவிட்டது. துவைத்த சேலைகளைக் கொடியில் தூக்கிப்போட அந்தக் கம்பைப் பாவித்ததாக அம்மா பல தடவை சொல்லியிருக்கிறார். மாமாவின் கதை பெரியதாக இருந்ததால் அம்மாவின் பேச்சை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

தகரக் குழாயின் மூடியில் வெள்ளைச் சாயத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் உண்டு. கியூவின் வேலை எனக்குத் தெரியும், ஆளின் வேலையைக் கடதாசியில்தான் தேடவேண்டும் என்று பாஸ் பெர்குசன் டிரெக்டரியைப் பார்க்கச் சொன்னார். 1859இல் தொடங்கிய அந்த வருடாந்த விவரநூலில், தோட்டம் தோட்டமாகத் துரைமாரின் பெயர்கள் இருக்கும். கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இரண்டு நாட்கள் உட்கார்ந்து 1930களின் தொகுதிகளைப் புரட்டினேன். டிக்கோயாத் தோட்டம் ஒன்றில், 1934 முதல் அந்த இரண்டு எழுத்துகளோடு பொருந்தும் ஒரே ஒரு பெயர் இருந்தது. பெரிய துரை அல்ல, சின்ன துரை. போர் தொடங்கியபின் வந்த தொகுதிகளில் அவர் இல்லை. தாத்தா கிளப்பில் சேர்ந்தது 1938. போனவரின் கியூ கிளப்பின் சட்டத்தில் கேட்பாரற்று நிற்க, அதற்கு வருடக்கணக்காக டிப் மாற்றிக்கொண்டிருந்த மார்க்கர் ஒரு நாள் அதைத் தன் உயரத்துக்கு வெட்டியிருக்கிறார் என்பதே என் முடிவு. கண்கலங்கிய துரையை இழந்ததில் மாமாவுக்கு இன்னும் வருத்தம். எனக்கோ, அந்தக் கிளப்பில் தாத்தா தனக்கென்று ஒரு கியூ வைத்திருந்தார் என்ற செய்தி, பரிசாக வாங்கினார் என்ற கதையைவிடப் பெரியதாகத் தெரிகிறது.

இனி வேலையைப் பற்றி. சாண்ட்பேப்பர் போட முடியாது என்று பாஸ் கையை விரித்துவிட்டார். "அதப் போட்டா உங்கட தாத்தா சுரண்டின இடமெல்லாம் போயிரும், மகள்" என்றார். இளம் ஈரத் துணியால் துடைத்து, ஒரு வாரம் நிழலில் தொங்கவிட்டு, ஆளிவிதை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக உள்ளங்கையில் எடுத்துத் தேய்த்தார். அடுப்படிப் பரணில் புகை குடித்துக் கிடந்ததால் பூச்சி அரிக்கவில்லை; ஆனால் நடுப்பகுதியில் ஒரு மெல்லிய வளைவு உண்டு, அதை நிமிர்த்த முயலவில்லை. புதிய தோல் டிப் ஒட்டினார். ஆடிய பூணைத் தூக்கிப்போட்டுப் புதியது மாட்டுவார் என்று பயந்தேன். அதையே, உள்ளே ஒரு சுற்று மெல்லிய கடதாசி வைத்து, மறுபடி இறுக்கிவிட்டார். விளையாடலாமா என்று கேட்டதற்கு, விருந்தாளி வந்தால் நாலு அடி அடிக்கலாம், போட்டிக்குக் கொண்டுபோக முடியாது என்று பதில் வந்தது.

குறைகளும் உண்டு. மூன்று வாரம் என்றவர் பதினொரு வாரம் எடுத்துக்கொண்டார். இடையில் நான்கு முறை தொலைபேசியில் அழைத்தபோது மூன்று முறை அவருடைய பேரன் எடுத்து, தாத்தா கதிரை வேலையில் இருக்கிறார் என்றான். ஒப்படைத்ததற்குப் பற்றுச்சீட்டு இல்லை. தகரக் குழாயில் சோக்கால் என் பெயரை எழுதியதோடு சரி. பரிசோதித்ததை எழுதிக் கொடுக்கும் இரண்டு பக்கக் குறிப்பில் படங்கள் அருமை, ஸ்ப்ளைஸின் வடிவத்தைப் பென்சிலால் அவ்வளவு நேர்த்தியாக வரைந்திருக்கிறார். கையெழுத்தோ மருந்துச் சீட்டுத்தான். ஆங்கிலமும் சிங்களமும் தமிழும் ஒரே வரியில் வருவதால் அவரையே வாசித்துக் காட்டச் சொல்லி நான் கைப்பேசியில் பதிந்துகொண்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். விலை மதிப்பீடு அவர் செய்வதில்லை. விற்கிற யோசனையோடு போகிறவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது.

செலவு, குறிப்புக்கு 4,000 ரூபா, வேலைக்கு 10,000 ரூபா. கொழும்புக் கடையில் வெட்டி ஒட்டுவதற்குச் சொன்ன தொகை இதைவிட அதிகம். காத்திருக்கும் நேரத்தில் இஞ்சி போட்ட பிளேன்டீயும், இலங்கை ஆட்டக்காரர் மொஹமட் லாஃபிர் 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியட்ஸ் பட்டத்தை வென்ற செய்தி வந்த பத்திரிகைத் துண்டின் தரிசனமும் இலவசம்; அது அவருடைய உளிப்பெட்டிக்கு மேலே, கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. அதைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதீர்கள், ஒரு மணிநேரம் போய்விடும்.

வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆவுக்காகப் பட்டறை பூட்டியிருக்கும். ஞாயிறு முழுநாளும் இல்லை. சனி காலை போவது நல்லது. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக வரும் பஸ்ஸில் நீளமான சாமானை ஏற்றுவதென்றால் முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள், பின்னர் கூட்டம் நெரியும். கியூவை உறையில்லாமல் கொண்டுவர வேண்டாம். தகரக் குழாயைப் பார்த்த நடத்துனர் உள்ளே துவக்கா என்று கேட்டார். திறந்து காட்டியதும், அரை டிக்கெட் போட்டுக்கொண்டு தன் ஆசனத்துக்குப் பின்னால் அதைப் படுக்கவைத்தார்.